மடித்துக் கட்டிய வாரம்

ஜனவரி 4, சனி

பொங்கலுக்கு வேட்டி எடுக்கப் போனேன். கடைப்பையன் முதல் கேள்வியிலேயே மடக்கினான்: "ஒற்றையா, இரட்டையாண்ணா?" நாலு முழம் ஒற்றை, எட்டு முழம் இரட்டை. ஒற்றை மலிவு, காற்றோட்டம் வேறு. ஆனால் வெயிலில் நின்றால் உள்ளே என்ன போட்டிருக்கிறோம் என்பது தெருவுக்கே தெரியும். இரட்டையே எடு என்றேன்.

அடுத்தது கரை. பேன்ட் எடுக்கும்போது யாரும் நம்மிடம் அரசியல் கேட்பதில்லை. வேட்டியில் அந்த வசதி கிடையாது. கறுப்பும் சிவப்பும் என்றால் ஒரு கட்சி, நடுவே வெள்ளைக்கோடு ஓடினால் இன்னொரு கட்சி. வம்பே வேண்டாம் என்று பச்சைக்கரை கேட்டேன். "நீங்க எந்தக் கட்சிண்ணா?" என்றான். கடைசியில் பென்சில் கோடு மாதிரி ஒரு ஜரிகைக்கரை.

கிளம்பும் நேரத்தில், "வெல்க்ரோ வச்சது இருக்குண்ணா, செல்போன் பாக்கெட்டோட" என்று ஒன்றை எடுத்துப் போட்டான். அதையும் வாங்கினேன். பாக்கெட் என்றால் எந்த ஆணுக்கும் ஒரு சபலம்தான்.

ஜனவரி 6, திங்கள்

இன்று வேட்டி தினம். ஐ.ஏ.எஸ். அதிகாரி சகாயம் கோ-ஆப்டெக்ஸில் மேலாண்மை இயக்குநராக இருந்தபோது தொடங்கிவைத்த பழக்கம். கைத்தறி விற்கட்டும் என்பது அவர் கணக்கு. எங்கள் ஆபீஸில் அது செல்ஃபி தினமாகிவிட்டது.

வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, கழுத்தில் நீல நாடாவில் அடையாள அட்டை, காலில் ஆரஞ்சு நிற ஸ்போர்ட்ஸ் ஷூ. கீழே பார்க்காதவரை கம்பீரம்தான். ஒருவர் வேட்டிக்கு மேல் ஆபீஸ் பெல்ட் போட்டு, அதன் பக்கிளையும் வெளியே காட்டியிருந்தார். கிராமத்துப் பெரியவர்கள் கட்டும் பச்சை பெல்ட் என்றாலும் ஒரு நியாயம் இருக்கிறது: பணம், பீடி, வெற்றிலை எல்லாவற்றுக்கும் அதில் அறை உண்டு. இவருடையதில் ஒன்றுமில்லை, பயம் மட்டும்தான்.

மீட்டிங்கில் எல்லோரும் அமைதியாக இருந்த ஒரு நொடியில் பின்வரிசையிலிருந்து "டர்ர்ர்" என்று ஒரு சத்தம். வெல்க்ரோ. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அதுதான் நாகரிகம். ஆனால் ஆண்கள் அத்தனை பேரின் கையும் அவரவர் இடுப்புக்குப் போனது.

2014 ஜூலையில் சென்னையில் ஒரு கிரிக்கெட் கிளப், வேட்டியில் வந்த உயர் நீதிமன்ற நீதிபதியையே உள்ளே விடவில்லை. அடுத்த மாதமே சட்டசபையில் சட்டம் வந்தது. இப்போது வேட்டிக்காரரைத் தடுத்தால் ஓராண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், உரிமமும் போகும். வாசலைத் தாண்டுவதற்குச் சட்டம் துணை. உள்ளே எஸ்கலேட்டரில் கரை மாட்டாமல் ஏறுவது அவரவர் சாமர்த்தியம்.

ஜனவரி 7, செவ்வாய்

பேன்ட். கால் இரண்டும் தனித்தனி வீட்டில் குடியிருப்பதில் இவ்வளவு நிம்மதியா!

ஜனவரி 12, ஞாயிறு

ஈரோட்டில் இறங்கி பவானிக்குப் பஸ். பெரியப்பா வாசலிலேயே என்னை மேலிருந்து கீழே பார்த்தார்.

"என்னடா தம்பி, இடுப்புல?"

"வெல்க்ரோங்க பெரியப்பா."

"கட்டறதுக்குப் பேரு வேட்டி. ஒட்டறது போஸ்டர்."

உடனே பாடம் ஆரம்பம். இரண்டு முனையையும் பின்னாலிருந்து முன்னே கொண்டுவா. ஒரு பக்கத்தை இழுத்து இடுப்பெலும்புக்கு மேல் அழுத்து. மூச்சை விடு. இங்கேதான் விஷயமே இருக்கிறது என்றார். மூச்சை இழுத்துப் பிடித்துக் கட்டுகிறவன் பந்தியில் உட்கார்ந்து ரசம் வரைக்கும் தாங்க மாட்டானாம். அப்புறம் மறுமுனையை மேலே சுற்றிச் செருகி, விளிம்பை வெளிப்பக்கமாக இரண்டு சுருட்டு. பெல்ட் கிடையாது, கயிறு கிடையாது. அவர் அப்படிக் கட்டிக்கொண்டு தென்னை மரமே ஏறியிருக்கிறார்.

2019-இல் அபிஜித் பானர்ஜி ஸ்டாக்ஹோமில் வேட்டி கட்டிக்கொண்டு நோபல் பரிசு வாங்கினார் என்று சொல்லிப் பார்த்தேன். "கஞ்சி போட்டிருந்தாரா?" என்று கேட்டார்.

ஜனவரி 13, திங்கள்

போகி. பரணிலிருந்து பெரியப்பாவின் பழைய சஃபாரி சூட் ஒன்று வந்தது, காபிப்பொடி நிறம். எரிக்கலாமா என்று பெரியம்மா கேட்டதற்கு அவர் பதில் சொல்லவில்லை. மறுபடியும் பரணுக்கே போய்விட்டது.

ஜனவரி 15, புதன்

மாட்டுப் பொங்கல். காலையிலிருந்து மடித்துக் கட்டுவதில் பயிற்சி. குனிந்து கரையை எடுக்கிறவன் கற்றுக்குட்டி. பெரியப்பா நடந்துகொண்டே குதிகாலால் பின்கரையை ஒரு தட்டுத் தட்டுகிறார். அது மேலே வருகிறது, கை அங்கே காத்திருக்கிறது, அடுத்த எட்டில் முட்டிக்கு மேல் மடிப்பு உட்கார்ந்துவிடுகிறது. நான் தட்டியபோது செருப்புதான் பறந்தது. மாடு திரும்பிப் பார்த்தது.

மடிப்பதைவிட இறக்குவதுதான் பெரிய கலை. எதிரே வயதில் மூத்தவர் வந்தால் இறக்கிவிட வேண்டும். கோயில் வாசலில், துக்க வீட்டில், கடன் கேட்கப் போன இடத்திலும் அப்படித்தான். இறக்காமல் நின்றால் அது சண்டைக்கு அழைப்பு. தெருவில் இரண்டு பேர் பேசிக்கொண்டிருப்பதை எட்ட இருந்து பார்த்தே யாருக்கு யார் கட்டுப்பட்டவர் என்று பெரியப்பா சொல்லிவிடுவார்.

இதில் எனக்கு ஒரு நெருடல் உண்டு. மரியாதை என்ற பெயரில் சில சாதிக்காரர்களைத் தோளில் துண்டே போடவிடாத ஊர்கள்தானே இவை? பெரிய மனிதர் எதிரே வந்தால் துண்டு இடுப்புக்கு இறங்க வேண்டும், செருப்பு கைக்கு ஏற வேண்டும். வேட்டியை இறக்குவது அழகு என்று நான் எழுதும்போது அதையும் சேர்த்துத்தான் எழுத வேண்டும்.

சாயங்காலம் பெரியப்பாவோடு கடைவீதிக்குப் போனேன். முன்னாள் தலைவர் ஒருவர் காரிலிருந்து இறங்கிக் கும்பிட்டார். பெரியப்பாவும் கும்பிட்டார், மடிப்பு மடிப்பாகவே இருந்தது. பத்தடி தள்ளி, வீதி கூட்டும் அம்மா ஒருவர் விளக்குமாறோடு வந்தார். பெரியப்பாவின் வேட்டி சட்டென்று பாதம் வரை இறங்கியது. "பொங்கல் ஆச்சுங்களா?" என்று கேட்டு, அவர் போனதும் மறுபடி குதிகால் தட்டு. நான் எதுவும் கேட்கவில்லை. கேட்டால் "வயசுல மூத்தவங்கடா" என்றுதான் சொல்லியிருப்பார். அந்தத் தலைவருக்கும் அதே வயதுதான் இருக்கும்.

ஜனவரி 16, வியாழன்

மஞ்சள் காட்டு வரப்பில் நின்றிருந்தேன். கட்டியது கட்டியபடி நிற்கிறது, வெல்க்ரோ பெட்டிக்குள் போய்விட்டது, மடிப்பும் கச்சிதம். போன் அடித்தது. ஆபீஸ்.

"சொல்லுங்க சார்... ஆமாம் சார்... திங்கட்கிழமை வந்துடறேன் சார்."

பேசி முடித்துப் பார்த்தால் பெரியப்பா என் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். வேட்டி முழுசாக இறங்கி, கரையெல்லாம் சேறு.

"யாருடா?"

"மேனேஜருங்க."

"வீடியோவா?"

"இல்லீங்க பெரியப்பா. வெறும் போன்தான்."

அவர் சிரிக்கவில்லை. "அப்ப சம்பளம் சேர்த்துக் கேளு" என்றார்.