ஏபியூ ஃபயர் டெஸ்ட்டும் இடப்பக்கத்து மஞ்சள் விளக்கும்

போயிங் 737-800 விமானத்தில் ஏபியூ என்ற துணை இன்ஜினைத் தனியாக ஸ்டார்ட் செய்ய அனுமதி வேண்டுமென்றால், சீனியர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க, அதைப் பலமுறை செய்து காட்ட வேண்டும். ஸ்டார்ட் செய்வதில் கஷ்டமே இல்லை. ஸ்விட்சை ஒரு நொடி திருப்பி விட்டால் போதும், மீதியை அதுவே பார்த்துக்கொள்ளும். நான் தடுமாறியதெல்லாம் அதற்கு முந்தைய இரண்டு நிமிடத்தில், தீ எச்சரிக்கை அமைப்பு வேலை செய்கிறதா என்று பார்க்கும் ஃபயர் டெஸ்ட்டில்தான். விமானப் பராமரிப்பு வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்குப் பயன்படட்டும் என்று நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

ஏபியூ என்பது வால் நுனிக்குள் இருக்கும் சின்ன டர்பைன் இன்ஜின். பெரிய இன்ஜின்கள் ஓடாதபோது மின்சாரமும் அழுத்தக் காற்றும் அதிலிருந்துதான் வருகின்றன. காக்பிட்டிலிருந்து முப்பது மீட்டருக்கும் மேல் தள்ளி, மூடிய அறைக்குள் இருக்கிறது. அங்கே தீப்பிடித்தால் முன்னால் உட்கார்ந்திருப்பவருக்குச் சூடும் தெரியாது, புகையும் தெரியாது. சென்சார் சொன்னால்தான் உண்டு.

முதல் நாள் இரவு விமானம் முழு இருட்டில் நின்றது. பேட்டரியை ஆன் செய்தேன், வோல்டேஜ் பார்த்தேன். இரண்டு சீட்டுக்கும் நடுவில் இருக்கும் ஃபயர் பேனலில் மூன்று கைப்பிடிகள்: ஒன்றாம் இன்ஜின், ஏபியூ, இரண்டாம் இன்ஜின். மூன்றும் உள்ளே அழுந்தி இருக்கின்றனவா என்று முதலில் பார்க்க வேண்டும். ஏபியூ கைப்பிடியை மேலே இழுத்தால் எரிபொருள் வால்வும் காற்று வால்வும் மூடிக்கொள்ளும், ஜெனரேட்டர் கழன்றுகொள்ளும், தீயணைப்பு பாட்டில் பீய்ச்சத் தயாராகும். அதன்பிறகு எந்தப் பக்கம் திருகினாலும் பாட்டிலில் இருக்கும் ஹேலான் பீய்ச்சி அடித்துவிடும். ஏபியூவுக்கு இருப்பது ஒரே ஒரு பாட்டில். அதனால் டெஸ்ட் செய்யும்போது கை அந்தக் கைப்பிடிப் பக்கமே போகக்கூடாது.

பக்கத்திலேயே டெஸ்ட் ஸ்விட்ச் இருக்கிறது. விட்டால் தானாக நடுவுக்கு வந்துவிடும். நான் நேராக வலப்பக்கம், ஓவர்ஹீட்/ஃபயர் என்று எழுதியிருக்கும் இடத்துக்குத் திருப்பிப் பிடித்தேன். பெல் அலறியது. கண்ணுக்கு நேரே ஃபயர் வார்னிங் விளக்குகள் சிவப்பாக எரிந்தன, மூன்று கைப்பிடிகளும் சிவந்தன. சிவப்பு விளக்கை அழுத்தி பெல்லை நிறுத்தினேன். கைப்பிடிகள் மட்டும் தொடர்ந்து எரிந்தன. எல்லாம் சரியாக இருக்கிறது என்று ஸ்டார்ட் ஸ்விட்சுக்குக் கையை நீட்டினேன்.

"இடப்பக்கம் எங்கே?" என்றார் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சீனியர் சார்.

அந்தப் பக்கம் பெல்லும் இல்லை, சிவப்பும் இல்லை. இரண்டு மூன்று மஞ்சள் விளக்குகள் மட்டும் வரும். பெல்லே அடித்துவிட்டதே, இனி அதில் என்ன பார்க்க என்று நினைத்துவிட்டேன். அவர் கோபப்படவில்லை. "வலப்பக்கம் திருப்பினா, 'தீ வந்தா கத்துவியா'ன்னு கேக்கறோம். இடப்பக்கம் திருப்பினா, 'உனக்கே உடம்பு சரியில்லைன்னா சொல்லுவியா'ன்னு கேக்கறோம். இந்த ரெண்டாவது கேள்வியைத்தான் முதல்ல கேக்கணும்."

அப்புறம் ஸ்டோரில் இருந்த ஒரு பழைய சென்சாரைக் கையில் கொடுத்தார். அதைப் பார்த்த பிறகுதான் அந்த வார்த்தை எனக்குள் இறங்கியது. மிக மெல்லிய எஃகுக் குழாய். உள்ளே அழுத்தத்தோடு ஹீலியம், நடுவில் ஹைட்ரஜனை உறிஞ்சி வைத்திருக்கும் ஓர் உலோகக் கம்பி. குழாய் முழுக்கச் சூடானால் ஹீலியம் விரியும். ஏதோ ஓரிடத்தில் மட்டும் கடும் சூடு பட்டால் கம்பி ஹைட்ரஜனைக் கக்கும். எப்படியானாலும் அழுத்தம் ஏறி ஒரு ஸ்விட்சை மூடும், எச்சரிக்கை வரும். இதே குழாயில் இன்னொரு ஸ்விட்சும் இருக்கிறது. சாதாரண நேரத்தில் அதை மூடி வைத்திருப்பது அந்த ஹீலியம் அழுத்தம்தான். குழாயில் நுண்ணிய விரிசல் விழுந்து வாயு கசிந்தால் அது திறந்துகொள்ளும், 'ஏபியூ டெட் இனாப்' (APU DET INOP, ஏபியூவின் தீ சென்சார் வேலை செய்யவில்லை) என்ற மஞ்சள் விளக்கு எரியும். கசிந்துபோன குழாய் தீயிலேயே கிடந்தாலும் கத்தாது. செத்தது அந்தக் குழாய்தான் என்று பெயர் சொல்லிக் காட்டுவது அந்த விளக்குதான்.

இடப்பக்கம் திருப்பினால் சென்சார் கெட்டுவிட்டதுபோல் காட்டும், அப்போது அந்த விளக்கு எரிகிறதா என்றுதான் பார்க்கிறோம். அது எரியவில்லை என்றால் ஏபியூவை ஓட்டக்கூடாது. செயல்முறையிலேயே அப்படித்தான் இருக்கிறது, இதில் பேரம் கிடையாது.

அடுத்த முறை இரண்டு பக்கமும் ஒழுங்காகத் திருப்பினேன். ஆனால் வீல் வெல்லுக்கான (சக்கரங்கள் மடங்கி உள்ளே போகும் இடம்) சிவப்பு விளக்கு எரியவில்லை. பழுது என்று எழுதப் பேனாவை எடுத்துவிட்டேன். சார் தடுத்தார். அந்த விளக்கு டெஸ்ட்டில் எரிய ஏசி, அதாவது மாறுதிசை மின்சாரம் வேண்டும். எங்களிடம் அப்போது இருந்தது பேட்டரி மட்டும். எந்த விளக்கு எப்போது வராமல் இருக்கலாம் என்று தெரியாதவன் நல்ல விமானத்தை நிறுத்தி வைப்பான், கெட்டதை ஓட்டுவான். அன்று வீட்டுக்குப் போய் விளக்குகள் ஒவ்வொன்றும் எந்த மின்சாரத்தில் எரியும் என்று பேனல் படத்தை வரைந்து வரைந்து படித்தேன்.

மூன்றாவது தவறை நினைத்தால் இன்றும் மனசு கனக்கிறது. வலப்பக்க டெஸ்ட்டுக்கு முன்னால் வெளியே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டும் என்பது விதி. வீல் வெல்லுக்குள் ஏபியூவுக்கென்று தனி ஹார்ன் ஒன்று இருக்கிறது. தரையில் நிற்பவர்களுக்காக வைத்தது, விட்டு விட்டு அலறும். அன்று நான் சொல்லாமலே திருப்பிவிட்டேன். உள்ளே குனிந்து பிரேக் பைப்பைப் பார்த்துக்கொண்டிருந்த டெக்னீசியன் பதறி நிமிர்ந்தார், தலை மேலே இடித்தது. லேசான காயம்தான். இறங்கிப் போய் மன்னிப்புக் கேட்டேன். "தம்பி, நிஜமாவே தீன்னுதான் நினைச்சு ஓடப் பார்த்தேன்" என்றார். அதற்குப் பிறகு ஹெட்செட்டில் சொல்லி, பதில் கேட்காமல் அந்த ஸ்விட்சை நான் தொட்டதே இல்லை.

இவ்வளவும் கற்றுக்கொண்டது அனுமதி கிடைத்த சில வாரங்களிலேயே கைகொடுத்தது. விமானம் கிளம்ப அதிக நேரமில்லாத ஒரு விடியற்காலை. இடப்பக்கம் திருப்பினேன். மாஸ்டர் காஷன் என்ற பொது எச்சரிக்கை விளக்கு வந்தது, இன்ஜினுக்கான ஃபால்ட் விளக்கு வந்தது, ஏபியூ டெட் இனாப் மட்டும் வரவில்லை. விட்டுவிட்டு மறுபடி திருப்பினேன். இல்லை. வலப்பக்கம் திருப்பிப் பார்த்தேன். பெல் அடித்தது, ஏபியூ கைப்பிடி பளிச்சென்று சிவந்தது. கீழே இருந்தவர், "பெல்தான் அடிக்குதே, ஸ்டார்ட் பண்ணிடலாமே" என்றார். பொறுப்பில்லாமல் சொல்லவில்லை, அவருக்கு நேர நெருக்கடி. முதல் நாள் நானும் அதையேதானே நினைத்தேன்.

ஸ்டார்ட் செய்யவில்லை. தரை மின்சார வண்டியை வரவழைத்தோம், பழுதுகளைப் பதியும் டெக் லாக்கில் எழுதினேன், சான்றளிக்கும் இன்ஜினியரைக் கூப்பிட்டேன். கடைசியில் பார்த்தால், போயிருந்தது அந்த விளக்கின் பல்புதான். மாற்றியதும் எரிந்தது. இவ்வளவுக்கும் ஒரு பல்பா என்று யாரோ கேட்டார்கள். ஆமாம், ஒரு பல்புதான். ஆனால் அந்தப் பல்பு செத்திருக்கும்போது குழாயில் வாயு கசிந்தால், எது கெட்டது என்று காக்பிட்டால் சொல்ல முடியாது.

பல்பு மாற்றியதும் முதலிலிருந்து செய்தேன். இடப்பக்கம், எல்லா மஞ்சளும் வந்தன. "ஃபயர் டெஸ்ட், ஹார்ன் வரும்" என்றேன். "சரி, வெளியே வந்துட்டோம்" என்று பதில் வந்தது. வலப்பக்கம், பெல், சிவப்பு. தீயணைப்பு பாட்டில்களின் சர்க்யூட் டெஸ்ட் ஸ்விட்சை ஒன்று, இரண்டு என இருபுறமும் தள்ளிப் பார்த்தேன். இரண்டு முறையும் மூன்று பச்சைகள். ஸ்டார்ட். சற்று நேரத்தில் மேலே பேனலில் நீல விளக்கு எரிந்தது, ஜெனரேட்டர் தயார் என்று அர்த்தம். ஹெட்செட்டில், "ஹார்ன் நல்லா கேட்டுச்சு" என்றார் கீழே இருந்தவர்.