வேலணையிலிருந்து வந்த சின்னன்

ஜூலை 13, 2025, ஞாயிறு

இன்று யாழ்ப்பாணத் தீவுப்பகுதியில் இருக்கும் வேலணையில் அம்மா வீட்டில் ஓலை வெட்டு. மாரிக்கு முன்னம் வேலி அடைக்க வேண்டும் என்று அம்மா ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். மூன்றாவது பனையில் காவோலையை இழுத்தபோது கூடு ஒன்று அப்படியே கீழே விழுந்தது. தும்பு, பஞ்சு, ஏதோ பழைய சாரத்தின் நூல், அதற்குள் இரண்டு அணிற்பிள்ளைகள். கண் திறக்கவில்லை, ஆனால் முதுகில் வரி விழுந்திருந்தது. நான் தூக்கப் போக மரத்தில் நின்ற ஐயா மேலேயிருந்து கத்தினார், “தங்கச்சி, தொடாதையுங்கோ, தாய் வந்து தூக்கும், எல்லாரும் தள்ளி நில்லுங்கோ.”

கூட்டோடு ஒரு கடகத்தில் வைத்து பனையடியில் விட்டுவிட்டு விறாந்தையில் இருந்து பார்த்தோம். அரை மணித்தியாலத்தில் தாய் வந்தது. ஒன்றைக் கவ்வியதும் அது தாயின் கழுத்தைச் சுற்றிச் சுருண்டுகொண்டது, அப்படியே பக்கத்து வளவுக்குள் போய்விட்டார்கள். மற்றதற்கு வரவேயில்லை. சோளகக் காற்று ஓய்வில்லாமல் அடித்தது, நாலு மணி ஆனது, ஐந்து ஆனது, வேலியில் காகங்கள் வந்து குந்தின, செண்பகம் ஒன்றும் வந்து எட்டிப் பார்த்தது. பொழுதுபட்டால் அணில் வெளியே வராது. என்னால் விட்டுவிட்டு வர முடியவில்லை.

பண்ணைப் பாலத்தில் பஸ் வரும்போது கைக்குள் துணிக்குள்ளே அது நடுங்கிக்கொண்டிருந்தது. எங்கள் வீட்டு வேலிக்காகத்தான் அதன் வீடு போனது. வழி முழுக்க இதையேதான் யோசித்தேன்.

ஜூலை 15

நான் செய்த பிழை. முதல் இரவு மாட்டுப்பாலைத் தண்ணீர் கலந்து கொடுத்தேன், விடிய வயிற்றால் போகத் தொடங்கிவிட்டது. மிருக வைத்தியர் சொன்ன பிறகுதான் விளங்கியது: மாட்டுப்பால் இதற்கு ஒத்துவராது, ஆட்டுப்பால் பரவாயில்லை. அதைவிட முக்கியம் சூடு. குளிர்ந்த உடம்புக்குப் பால் கொடுத்தால் செரிக்காது, முதலில் உடம்பு சூடாக வேண்டும். வெந்நீர்ப் போத்தலைத் துணியில் சுற்றி, பெட்டியின் ஒரு பக்கத்தில் மட்டும் வைக்கிறேன், சூடு கூடினால் அது மற்றப் பக்கம் நகர்ந்துகொள்ளும். பால் ஊசி இல்லாத சிரிஞ்சில், துளித்துளியாக. மல்லாத்திப் பிடிக்கக்கூடாது, மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். குடித்து முடிந்ததும் ஈரப்பஞ்சால் அடிவயிற்றைத் தடவிவிட்டால்தான் சிறுநீர் போகும், தாய் நக்கிச் செய்கிற வேலை அது. இரவில் இரண்டு தரம் எழும்புகிறேன். நித்திரை போனதைப் பற்றிக் கவலையில்லை, இன்று வயிற்றால் போவது நின்றுவிட்டது.

ஜூலை 19

கண் திறந்துவிட்டது! முதலில் வலது கண், பின்னேரம் மற்றது. மகள் சின்னன் என்று பெயர் வைத்துவிட்டாள். பெயர் வைக்க வேண்டாம் என்று நினைத்திருந்தேன், வைத்தால் விட மனம் வராது.

அம்மாவுக்குப் போன் எடுத்துச் சொன்னேன். “இராமர் தடவின முதுகு, பத்திரமாப் பார் பிள்ளை” என்றார். மூவரி அணில் என்று பழந்தமிழிலேயே இதற்குப் பெயர் உண்டு. தொல்காப்பிய இலக்கணத்தில் இதன் இளசு குட்டி அல்லது பறழ், எங்கள் வாயிலோ அணிற்பிள்ளை. எனக்கு எங்கள் சொல்தான் பிடித்திருக்கிறது.

ஜூலை 29

நல்லூர்க் கந்தசுவாமி கோயில் கொடியேற்றம். இனி 25 நாளும் எங்கள் ஒழுங்கைக்குள் சனமும் சத்தமும்தான். முதல் மணிச் சத்தத்துக்கே சின்னன் பஞ்சுக்குள் போய்த் தலையைப் புதைத்துவிட்டது, நாதஸ்வரம் தொடங்கியதும் பால் குடிக்கவில்லை. வேலணையில் அதற்குக் கேட்டிருக்கக்கூடிய சத்தம் காற்றும் ஓலையும் மட்டும்தானே. பெட்டியைப் பின் அறைக்கு மாற்றினேன்.

ஆகஸ்ட் 10

அம்மா பஸ்ஸில் ஒரு பனம்பழம் கொடுத்துவிட்டார். ஒரு துண்டு பிய்த்துப் பெட்டிக்குள் வைத்தேன். சின்னன் முதலில் சுற்றி வந்து மணந்தது, பிறகு தும்புக்குள் மூக்கை விட்டு இழுத்து, இரண்டு கையாலும் பிடித்துச் சூப்பி, மீசையெல்லாம் மஞ்சளாக ஒட்டிப்போய், அதைக் கையால் வழித்து மறுபடியும் நக்கியது. நான் அழுதுவிட்டேன். பனையில் பிறந்து ஒரு மாதமாகப் பனையையே காணாத பிள்ளை அது.

தேங்காய்ச் சிரட்டைத் துண்டு ஒன்றும் போட்டிருக்கிறேன். பல் வளர்ந்துகொண்டே இருக்கும், கொறிக்க ஏதாவது வேண்டும்.

ஆகஸ்ட் 21

தேர். அரோகரா சத்தம் வீட்டுக்குள் கேட்கிறது, சின்னனோ யன்னல் கம்பியில் வயிற்றைப் போட்டு நித்திரை.

செப்டம்பர் 7

இரண்டு கிழமையாகப் பெரிய கூடு ஒன்றை மாமரத்தடியில் வைத்து, பகலில் அதற்குள் விடுகிறேன். இவர் சொல்கிறார், வேலணைக்கே கொண்டுபோய் விடு, அதுதான் அதன் ஊர் என்று. எனக்கும் அந்த ஆசை இருந்தது. ஆனால் அங்கே எந்தப் பனையில் எந்த அணில் இருக்கிறது, எந்தப் பக்கம் பிராந்து வரும் என்று இதற்கு ஒன்றுமே தெரியாது. இங்கே மதிலில் வருகிற நாலைந்து அணில்கள் கூட்டைச் சுற்றி வந்து மூக்கோடு மூக்கு வைத்துவிட்டுப் போகின்றன.

எனக்குப் பெரிய பயம் பூனை. சின்னனுக்கு எங்களைக் கண்டே பயமில்லை, பூனையைக் கண்டால் எங்கே வரப்போகிறது? நேற்றுப் பக்கத்து வீட்டுப் பூனை மதிலில் வந்தது. உடனே மாமரத்திலிருந்த அணில் வாலை அடித்து அடித்து விடாமல் கத்தியது. சின்னன் அப்படியே கல்லாக நின்றது. இன்று பூனை வரும்போது இதன் வாலும் அடித்தது. நான் சொல்லிக் கொடுத்திருக்க முடியாத பாடம். இனி நான் அதைத் தூக்குவதில்லை, பேசுவதுமில்லை. மகளுக்கு என்மேல் கோபம்.

செப்டம்பர் 20

விடியக் கூட்டைத் திறந்துவிட்டேன். மாமரம், மதில், பிறகு கரண்ட் கம்பி. என் நெஞ்சு நின்றுவிட்டது. ஒரு கம்பியில் ஓடினால் ஒன்றுமில்லை, இரண்டை ஒரே நேரத்தில் தொட்டாலோ, கம்பியோடு சேர்த்து நிலத்தோடு தொடர்புள்ள எதையாவது தொட்டாலோதான் ஆபத்து. எங்கள் ஒழுங்கையில் கறுப்பு உறை போட்ட முறுக்குக் கம்பி, அந்தளவில் நிம்மதி. இதன் இனத்துக்கு விஞ்ஞானிகள் வைத்த ஃபுனாம்புலஸ் என்ற பெயருக்குக் கயிற்றில் நடப்பவர் என்று அர்த்தமாம், பின்னால் வரும் பால்மாரம் பனை, தென்னை இனத்தைக் குறிக்கும். 1766-இல் லின்னேயஸ் வைத்த பெயரில் பனைதான் இருந்தது, கயிறு பிறகு சேர்ந்தது. இன்று அந்த ஒழுங்கிலேயே சின்னனும் வந்து நிற்கிறது.

பொழுதுபட வரும் என்று கூட்டைத் திறந்தே வைத்திருந்தேன். வரவில்லை.

அக்டோபர் 4

பதினான்கு நாள். முதல் மூன்று நாளும் கொய்யாத்துண்டு எடுக்க வந்தது, பிறகு இல்லை. நான் மாமரத்தில் ஒரு பழைய ஓலைப்பெட்டியைக் கட்டியிருந்தேன், கூடு கட்டட்டும் என்று. அதைத் தொடவேயில்லை.

இன்று காலை விறாந்தையில் கால்மிதியின் ஓரத்தில் ஒரு அணில், தும்பைப் பல்லால் இழுத்து இழுத்து வாயை நிறைத்துக்கொண்டிருந்தது. நான் கதவில் நின்றேன். சின்னனா என்று சொல்லத் தெரியவில்லை, மூன்று வரியும் எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். ஒரு அடி எடுத்து வைத்தேன், வாலை இரண்டு தரம் அடித்துவிட்டு வாய் நிறையத் தும்போடு மதில் ஏறி, பக்கத்து வீட்டுத் தென்னையின் வட்டுக்குள் போய்விட்டது.

கால்மிதியை அந்த இடத்திலேயே விட்டிருக்கிறேன். அம்மாவிடம் போனில் சொன்னேன், அடுத்த முறை ஓலை வெட்டும்போது முதலில் ஒவ்வொரு காவோலையாகத் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கோ என்று.