விலகும் விதி

இரண்டு நாடுகள் தங்கள் உமிழ்வு வணிக முறைகளை இணைக்கலாமா என்று ஆராயத் தொடங்கியபோது, இரு தரப்பு விதிகளையும் அருகருகே வைத்து ஒப்பிடும் பணி எனக்கு வந்தது. இந்த முறையில் ஆலைகள் தாங்கள் உமிழும் ஒவ்வொரு டன் கார்பனுக்கும் ஓர் உரிமம் ஒப்படைக்க வேண்டும்; உரிமங்களை வாங்கலாம், விற்கலாம். முறைகள் இணைந்தால், உமிழ்வைக் குறைக்கும் செலவு குறைவான நாட்டின் ஆலைகள் கூடுதலாகக் குறைக்கும்; அவற்றிடம் மிஞ்சும் உரிமங்களைச் செலவு கூடிய நாட்டின் ஆலைகள் வாங்கிக்கொள்ளும். ஆகவே விலை வேறுபாட்டைச் சமாளிப்பதுதான் முக்கிய வேலை என்று நம்பித்தான் அட்டவணையைத் திறந்தேன்.

முதல் வாரத்திலேயே அந்த நம்பிக்கை கலைந்தது. ஒரு நாடு காடு வளர்ப்பில் கிடைக்கும் ஈட்டு வரவுகளை, அதாவது உரிமத்துக்குப் பதிலாகச் செலுத்தக்கூடிய வரவுகளை, ஏற்றது. மற்றது அறவே மறுத்தது. இணைந்த பிறகு அந்த மறுப்புக்குப் பொருளே இல்லை. முதல் நாட்டின் ஆலை ஈட்டு வரவைச் செலுத்திக் கணக்கை நேர்செய்துவிட்டு, கையில் மிஞ்சிய உரிமத்தை இரண்டாம் நாட்டுக்கு விற்றுவிடும். முன்வாசலில் தடுத்தது பின்வாசல் வழியே உள்ளே வந்துவிடும். விலை உச்சவரம்பும் இப்படித்தான், ஒருவர் வைத்தால் இருவருக்கும் வைத்ததாகும். குறைந்தபட்ச விலையையோ ஒருவர் மட்டும் காப்பது கடினம். 2012இல் ஐரோப்பிய ஒன்றியத்துடன் இணைய உடன்பட்ட ஆஸ்திரேலியா, தான் திட்டமிட்டிருந்த 15 டாலர் குறைந்தபட்ச விலையைக் கைவிட்டதை அப்போது மறுபடி படித்தேன். அந்த இணைப்பு தொடங்கும் முன்பே, 2014இல், ஆஸ்திரேலியா தன் கார்பன் விலைச் சட்டத்தையே நீக்கிவிட்டது.

எந்த உரிமம் யாரிடம் இருக்கிறது என்று கணக்கு வைக்கும் பதிவேடுகளைச் சோதித்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. சோதனைக்காக எதிர்த்தரப்பின் பதிவேட்டிலிருந்து எங்களுடையதற்கு ஒரே ஓர் உரிமத்தை அனுப்பினோம். அனுப்பியாகிவிட்டது என்றது அவர்களது நாள் முடிவுக் கணக்கு. வரவில்லை என்றது எங்களுடையது. ஒரு பதிவேடு உள்ளூர் நள்ளிரவிலும் மற்றது உலகப் பொது நேரத்திலும் நாளை முடித்ததால், இடைப்பட்ட சில மணி நேரம் அந்த ஒரு டன் யாருடைய கணக்கிலும் இல்லை. இதைக் கண்டுபிடிக்கவே இரண்டு நாள் ஆயிற்று. 2017இல் கையெழுத்தாகி 2020 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த சுவிட்சர்லாந்து - ஐரோப்பிய ஒன்றிய உடன்பாட்டிலும் உரிமப் பரிமாற்றம் அந்த ஆண்டு செப்டம்பரில்தான் தொடங்கியது. அதுவும் முன்கூட்டி அறிவித்த நாள்களில் மட்டும். முன்பெல்லாம் இதைக் கேட்டால் எனக்குச் சிரிப்பு வந்திருக்கும்.

ஆனாலும் நான் அதிக நேரம் செலவிட்டது, ஒரு தரப்பு இணைப்பிலிருந்து விலகும் விதியில்தான். 2018 ஜனவரியில் கலிபோர்னியா - கியூபெக் சந்தையுடன் இணைந்த கனடாவின் ஒன்டாரியோ மாகாணம், ஆட்சி மாறியதும் அதே ஆண்டு ஜூலையில் தன் திட்டத்தை ரத்து செய்தது. விலக விரும்பும் தரப்பு 12 மாத அறிவிப்பு தர "முயல வேண்டும்" என்றுதான் அவர்களது உடன்பாடு சொன்னது. முயன்றார்களா இல்லையா என்பதை எந்த நீதிமன்றம் அளக்கும்? மற்ற இரு தரப்பும் ஒன்டாரியோ கணக்குகளுடனான பரிமாற்றத்தை உடனே நிறுத்தின. ஆனால் அதற்கு முன்பே தங்கள் கணக்குகளுக்கு வந்திருந்த ஒன்டாரியோ உரிமங்களைச் செல்லாதவை என்று அறிவிக்கவில்லை. அறிவித்திருந்தால் நல்லெண்ணத்தில் வாங்கிய ஆலைகள்தான் நட்டப்பட்டிருக்கும்.

இதனால் என் வரைவறிக்கையில் விலகும் விதியை முதல் அத்தியாயமாக வைத்தேன். எதிர்த்தரப்பு அதை நம்பிக்கையின்மையாக எடுத்துக்கொள்ளும் என்று சொல்லி, மேலதிகாரி அதைப் பின்னிணைப்புக்கு மாற்றிவிட்டார். அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. "முயல வேண்டும்" என்பது மட்டும் "தர வேண்டும்" என்று திருந்தியது. விலகிய நாட்டின் உரிமங்கள் எஞ்சிய நாட்டில் எத்தனை ஆண்டு செல்லும் என்ற அட்டவணைக் கட்டத்தில், நான் அந்தப் பணியிலிருந்து மாற்றப்பட்ட நாள் வரை, "பின்னர் முடிவு செய்யப்படும்" என்றே இருந்தது.