சுத்தியால் பேக்கிங் வெட்டுவது

"மோட்டார் ஓடுதுங்கண்ணா, தண்ணி மட்டும் எடுக்க மாட்டேங்குது" என்று கோடையில் போன் வந்தால், உறிஞ்சு குழாயின் அடியில் இருக்கும் புட்வால்வு சரியா என்று கேட்ட கையோடு சக்‌ஷன் பிளாஞ்சு பேக்கிங்கைத்தான் விசாரிப்பேன். பிளாஞ்சு என்பது குழாயைப் போல்ட் போட்டு இணைக்கும் விளிம்பு. பேக்கிங் என்பது இரண்டு முகங்களுக்கு நடுவே கசியாமல் இருக்க வைக்கும் ரப்பர் அல்லது பேப்பர் துண்டு. தண்ணீரை வெளியே தள்ளும் டெலிவரி பக்கம் பேக்கிங் போனால் தண்ணீர் பீய்ச்சியடித்து ஊரைக் கூட்டிவிடும். சக்‌ஷன் பக்கம், அதாவது தண்ணீரை உறிஞ்சும் பக்கம், ஒரு சொட்டுக்கூட வெளியே வராது. காற்றை உள்ளே இழுத்துக்கொண்டு கமுக்கமாக இருக்கும். பம்பு ஓடும்போதே பிளாஞ்சைச் சுற்றிச் சேறு அப்பிப் பாருங்கள். எந்த இடத்தில் சேறு உள்ளே இழுபடுகிறதோ அதுதான் இடம்.

இதற்கு லாரி டியூபை வெட்டிப் போடுவது எல்லாத் தோட்டத்திலும் நடப்பதுதான். அன்றைக்குத் தண்ணீர் பாய்ச்ச ஆகும். ஆனால் போல்ட்டை இறுக்க இறுக்க டியூப் பிதுங்கிக் குழாய்க்குள் நீட்டிக்கொள்ளும். உள்ளே துணி வைத்த 3 மி.மீ. ரப்பர் ஷீட் அப்படிப் பிதுங்காது. நடு வட்டத்தைக் குழாய் வாயைவிட ஓரிரு மி.மீ. பெரிதாக எடுங்கள். கத்தியைச் சோப்புத் தண்ணீரில் நனைத்துக்கொண்டால் ரப்பர் இழுக்காமல் அறுபடும்.

பேப்பர் பேக்கிங்தான் எனக்குப் பிடித்த வேலை. ஆயில் இன்ஜினின் சைடு கவருக்கு வேண்டுமென்றால் கத்தரிக்கோலே தேவையில்லை. கவர் வார்ப்பிரும்பு, அதன் விளிம்பே கத்தி. பழைய பேக்கிங்கைச் சுரண்டி, முகத்தைத் துடைத்து, ஆயில் பேப்பரை மேலே விரியுங்கள். முதலில் ஒரு மூலை ஓட்டை. ஓட்டையைவிடச் சற்றுப் பெரிய பேரிங் குண்டை அதன் மேல் வைத்து ஒரே தட்டு. பேப்பர் வட்டமாக விட்டுக்கொள்ளும். அதில் ஒரு போல்ட்டைச் சும்மா செருகிவிட்டு, எதிர் மூலைக்குப் போங்கள். இரண்டு போல்ட் நின்றுவிட்டால் பேப்பர் நகராது, அப்புறம் மற்ற ஓட்டைகளை நிதானமாக எடுக்கலாம்.

பிறகு உள்விளிம்பு, கடைசியில்தான் வெளிவிளிம்பு. வெளியே மிச்சம் இருக்கும்வரை பேப்பரைப் பிடித்துக்கொள்ள இடம் இருக்கும். பால் பீன் சுத்தியின் உருண்டைத் தலையால் விளிம்பின் மேலேயே, பூப்போல, அடுத்தடுத்துத் தட்டிக்கொண்டு போக வேண்டும். முதலில் பேப்பரில் ஒரு பளபளப்பான கோடு விழும். சத்தம் மொத்தென்று இருக்கும்வரை அறுபடவில்லை. இரும்புச் சத்தம் கேட்டால் அடுத்த அங்குலத்துக்கு நகரலாம். பலத்தைக் காட்டினால் வேலை வேகமாகாது, விளிம்புதான் மழுங்கும்.

அலுமினியத்தில் இந்த வேலை வேண்டவே வேண்டாம். பைக் கிளட்ச் கவரை இப்படித் தட்டி, விளிம்பில் வடுவோடு கொண்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். அதற்கு முகத்தில் கிரீஸை மெல்லிசாகத் தடவி, பேப்பரை அழுத்தி அச்சு எடுத்து, கத்தரிக்கோலால் வெட்டுவதே மரியாதை.

பேப்பர் என்ன கனம் என்று கேட்காமல் வாங்கிவிடுவார்கள். பழசின் கனத்தை வெர்னியர் அளவுகோலில் அளந்துவிட்டுக் கடைக்குப் போங்கள். சைடு கவருக்கு 0.5 மி.மீ. இடத்தில் 0.8 போட்டாலும் பெரும்பாலும் ஓடிவிடும். கியர் வைத்த ஆயில் பம்பின் மூடிக்கு அப்படிப் போட்டால், கியருக்கும் மூடிக்கும் நடுவே இடைவெளி கூடி ஆயில் பிரஷர் இறங்கும். டீசல் பம்புக்கு அடியில் இருக்கும் மெல்லிய தகடுகளான ஷிம்முகளும் அப்படித்தான். கனம் மாறினால் டீசல் பாயும் நேரமே மாறிவிடும்.

பழைய இன்ஜின்களில் சாம்பல் நிறத்தில் ஒட்டிக்கிடப்பது ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டாக இருக்கலாம். அதைக் காய்ந்தபடி சுரண்டாதீர்கள், கிரைண்டரில் கம்பி பிரஷ் மாட்டித் தேய்க்கவே தேய்க்காதீர்கள். அந்தத் தூசி நுரையீரலுக்குப் போனால் திரும்பி வராது. நன்றாக நனைத்து, ஈரத்தோடு எடுத்து, பையில் கட்டிவிடுங்கள்.

இவ்வளவும் பார்த்துவிட்டு, "அப்படியே ஹெட் பேக்கிங்கும் ஒண்ணு வெட்டிக் குடுத்துருங்கண்ணா" என்று கேட்பவர்கள் உண்டு. அதில் சிலிண்டர் வாயைச் சுற்றி உலோக வளையம் இருக்கிறது. தீயும் அழுத்தமும் அதன் மேல்தான் மோதும். அதற்கு மட்டும் கடைக்குப் போகச் சொல்லிவிடுவேன்.