உபுண்டு, மேக், விண்டோஸ்: ஒரே அலுவலகத்தில் மூன்று பேக்கேஜ் மேனேஜர்கள்

சென்னை பெருங்குடியில் ஒரு சின்ன அலுவலகம். டெவலப்பர்களில் பெரும்பாலானோர் உபுண்டு 24.04, சிலர் எம் சிப் மேக்புக், கணக்குப் பிரிவில் விண்டோஸ் 11. மென்பொருள்களை (பேக்கேஜ்களை) நிறுவவும் புதுப்பிக்கவும் உதவும் பேக்கேஜ் மேனேஜர், மூன்றுக்கும் பொதுவாக ஒன்று கிடைக்காதா என்றுதான் யாருக்கும் முதலில் தோன்றும். அந்தத் தேடலை விட்டுவிடலாம். உபுண்டுவில் ஏபிடி, மேக்கில் ஹோம்ப்ரூ, விண்டோஸில் விங்கெட். அதனதன் போக்கில் விடுவதே தொல்லை குறைவு. எங்களிடம் இருப்பது ஒரு கிட் ரெப்போ (ஃபைல்களை மாற்ற வரலாற்றோடு வைக்கும் பொதுக் கிடங்கு), அதற்குள் சிஸ்டத்துக்கு ஒன்றாக மூன்று பேக்கேஜ் பட்டியல், அவ்வளவுதான்.

மேக்கில் 'ப்ரூ பண்டில் டம்ப்' கொடுத்தால், ஹோம்ப்ரூவில் போட்டவற்றின் பட்டியலாக ப்ரூஃபைல் உருவாகிவிடும். புது மெஷினில் அந்த ஃபைல் இருக்கும் ஃபோல்டரில் 'ப்ரூ பண்டில்' அடித்தால் போதும். விண்டோஸில் 'விங்கெட் எக்ஸ்போர்ட்', 'விங்கெட் இம்போர்ட்'. எக்ஸ்போர்ட் தரும் ஜேசன் ஃபைலை அப்படியே ரெப்போவில் போடாதீர்கள். மெஷினோடு வந்த வேண்டாததும் அதில் இருக்கும், கையால் கழித்துவிட வேண்டும். உபுண்டுவில் கையால் போட்டவை என்று குறிக்கப்பட்ட பேக்கேஜ்களைக் காட்டும் 'ஏபிடி-மார்க் ஷோமேனுவல்' பட்டியலுக்கும் இதே கதைதான்.

உண்மையான தலைவலி பெயர்கள். பைத்தானை போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸோடு இணைக்கும் சைகோபிஜி2-வை சோர்ஸிலிருந்து பில்ட் செய்யும்போது 'பிஜி_கான்ஃபிக் எக்ஸிக்யூட்டபிள் நாட் ஃபவுண்ட்' என்று நிற்கும். உபுண்டுவில் அதற்கு லிப்பிக்யூ-டெவ் போட வேண்டும். ப்ரூவில் அதன் பெயர் லிப்பிக்யூ; போட்ட பிறகும் பாத்தில் (கமாண்டுகளைத் தேடும் ஃபோல்டர் பட்டியலில்) தானாகச் சேராது, அதன் 'பின்' (bin) ஃபோல்டரை ஷெல் அமைப்புகள் இருக்கும் இஸட்எஸ்ஹெச்ஆர்சி ஃபைலில் நாமே சேர்க்க வேண்டும். எஃப்டி என்ற தேடல் கருவி உபுண்டுவில் எஃப்டி-ஃபைண்ட் என்ற பேக்கேஜ், கமாண்டின் பெயரோ எஃப்டிஃபைண்ட். ஃபைலின் உள்ளடக்கத்தைக் காட்டும் பேட் என்ற கருவியின் கமாண்டும் அங்கே பேட்கேட் ஆகிவிடும். மேக்கில் ஓடிய ஸ்கிரிப்ட் உபுண்டுவில் 'கமாண்ட் நாட் ஃபவுண்ட்' சொன்னால் முதலில் இதைப் பாருங்கள்.

பழைய இன்டெல் மேக்கிலிருந்து மைக்ரேஷன் அசிஸ்டென்ட் வழியாக வந்த மெஷினில் இன்னொரு குழப்பம்: /யூஎஸ்ஆர்/லோக்கல் அடியில் பழைய ப்ரூவும் கூடவே வந்திருக்கும். 'விச் ப்ரூ' அடித்தால் /ஆப்ட்/ஹோம்ப்ரூ என்று தொடங்க வேண்டும். இல்லையென்றால், இன்டெல் புரோகிராம்களை எம் சிப்பில் ஓட்டும் ரொசெட்டா வழியே இன்டெல் பைனரிகள்தான் ஓடிக்கொண்டிருக்கும்.

உபுண்டுவில் பைத்தான் பேக்கேஜுக்கு நேரடியாக 'பிப் இன்ஸ்டால்' கொடுத்தால் 'எக்ஸ்டெர்னலி மேனேஜ்டு என்விரான்மென்ட்' என்று மறுக்கும். அந்த எரரே 'பிரேக் சிஸ்டம் பேக்கேஜஸ்' என்ற ஆப்ஷனையும் சொல்லித் தரும், ஆசைப்படாதீர்கள். சிஸ்டத்தின் பல கருவிகள் அதே பைத்தானை நம்பி இருக்கின்றன. பைத்தான்3-வென்வ் பேக்கேஜைப் போட்டு, ப்ராஜெக்டுக்கு ஒரு வென்வ் (தனிப் பைத்தான் சூழல்). கமாண்ட்லைன் கருவி என்றால், ஒவ்வொன்றையும் தனிச் சூழலில் போடும் பிப்எக்ஸ்.

அப்புறம் கரண்ட். கோடையில் மின்வெட்டு வந்து, யூபிஎஸ்ஸும் கைவிட்டு, அப்கிரேடு பாதியில் நின்றால் பேக்கேஜ்கள் அரைகுறையாகக் கிடக்கும். முதலில், ஏபிடிக்கு அடியில் வேலை செய்யும் டிபிகேஜியை வைத்து 'சூடோ டிபிகேஜி --கான்ஃபிகர் -ஏ', பிறகு 'சூடோ ஏபிடி -எஃப் இன்ஸ்டால்'. பெரும்பாலும் இதிலேயே சரியாகிவிடும். பழைய டெஸ்க்டாப்பில் போர்டு பேட்டரி செத்திருந்தால், கரண்ட் வந்ததும் கடிகாரம் பின்னுக்குப் போயிருக்கும். ஏபிடியும் 'ரிலீஸ் ஃபைல் இஸ் நாட் வேலிட் எட்' என்று புலம்பும். பேக்கேஜ் தரும் மிரர் சர்வரைக் குறை சொல்லிப் பயனில்லை. நேரத்தைச் சரிசெய்துவிட்டு, ரிச்சி தெருவில் ஒரு சிஆர்2032 பேட்டரி வாங்கி மாட்டுங்கள்.

மெஷினை ஆன் செய்த கையோடு ஏபிடி ஓட்டினால் லாக் (ஒரே நேரத்தில் இரண்டு ப்ராசஸ் பேக்கேஜ்களில் கைவைக்காமல் தடுக்கும் பூட்டு) கிடைக்கவில்லை என்று வரலாம். எந்த ப்ராசஸ் பிடித்திருக்கிறது என்பதும் அதே வரியில் இருக்கும். தானாக அப்டேட் போடும் அன்அட்டெண்டட்-அப்கிரேட்ஸ் என்றால் டீ குடித்துவிட்டு வாருங்கள். லாக் ஃபைலை அழிக்கச் சொல்லும் யோசனை இணையம் முழுக்கக் கிடைக்கும். அதைக் கேட்டு அழித்தால் டிபிகேஜி டேட்டாபேஸ் கெடும் அபாயம் உண்டு.

எல்லா உபுண்டுவும் ஒரே பேக்கேஜைத் தனித்தனியாக இறக்குவது வீண். இறக்கிய பேக்கேஜ்களைச் சேமித்து மற்ற மெஷின்களுக்குத் தரும் ஏபிடி-கேச்சர்-என்ஜியை ஒரு மெஷினில் போட்டு, மற்றவற்றின் ஏபிடி ப்ராக்ஸியை அதன் 3142 போர்ட்டுக்குத் திருப்பினால், இரண்டாவது மெஷினிலிருந்து லேன் வேகம்தான். ஹெச்டிடிபிஎஸ் ரெப்போக்களை மட்டும் ப்ராக்ஸி இல்லாமல் நேராக விட்டுவிடுங்கள்.

வெர்ஷனை நிறுத்திவைக்க 'ஏபிடி-மார்க் ஹோல்டு', 'ப்ரூ பின்', 'விங்கெட் பின் ஆட்'. ஹோல்டு போட்ட பேக்கேஜுக்குப் பாதுகாப்பு அப்டேட்டும் வராது. ஆகவே மாதம் ஒருமுறை 'ஏபிடி-மார்க் ஷோஹோல்டு' ஓட்டி, காரணம் தெரியாத ஹோல்டுகளை எடுத்துவிடுவது வழக்கம்.