வி.ஆர்., தொலை இயக்க ரோபோ ஆய்விதழ்: முதல் இதழுக்கு முன்பே முடிவாக வேண்டியவை

பெங்களூரில் ரோபோட்டிக்ஸ் ஆய்வுக்குக் குறைவில்லை. ஐ.ஐ.எஸ்.சி., அதோடு இணைந்த ஆர்ட்பார்க், டி.ஆர்.டி.ஓ.வின் கெய்ர் ஆய்வகம், ஐ.ஐ.ஐ.டி. என்று வரிசையாக இருக்கின்றன. இங்குள்ள தமிழ் ஆய்வு மாணவர்களும் உதவிப் பேராசிரியர்களும் கூடினால், "நாமே ஒரு ஜர்னல் தொடங்கினால் என்ன?" என்ற பேச்சு வந்துவிடுகிறது. தாராளமாகத் தொடங்கலாம். ஆனால் வெப்சைட்டில் தொடங்காதீர்கள். அதை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். வெளியான பிறகு மாற்றினால் பழைய கட்டுரைகளையும் சேர்த்து இழுத்துவிடுகிற சில முடிவுகள் உண்டு. அவற்றை முதலில் எடுங்கள்.

முதல் முடிவு பெயர். வி.ஆர். எனும் மெய்நிகர் சூழல், தொலைவிலிருந்து இயக்கும் ரோபோ என்ற இரு துறைகளையும் சேர்த்துப் பார்ப்பது புதிதல்ல, எம்.ஐ.டி. பிரஸ் 1992-லேயே தொலை இயக்கத்துக்கும் மெய்நிகர் சூழலுக்கும் சேர்த்து ‘ப்ரெசென்ஸ்’ என்ற ஆய்விதழைக் கொண்டுவந்துவிட்டது. எனவே வி.ஆர். முழுக்க, ரோபோ முழுக்க என்று எல்லையை விரித்தால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ஹெட்செட் மாட்டிய ஒருவர் வேறிடத்தில் உள்ள இயந்திரத்தை இயக்குகிறார். அவருக்கும் அந்த இயந்திரத்துக்கும் இடையில் நடப்பது மட்டுமே நம் பொருள் என்று சுருக்குங்கள். ‘இன்டர்நேஷனல் ஜர்னல் ஆஃப் அட்வான்ஸ்டு’ என்று தொடங்கும் பெயர் வேண்டவே வேண்டாம். காசு வாங்கிக்கொண்டு எதையும் போடும் இதழ்கள் அந்தச் சொற்களைக் கெடுத்து வைத்திருக்கின்றன.

இதழுக்கான அடையாள எண்ணான ஐ.எஸ்.எஸ்.என்.னை இந்தியாவில் வழங்குவது டெல்லியில் உள்ள சி.எஸ்.ஐ.ஆர்.-என்.ஐ.எஸ்.சி.பி.ஆர். நிறுவனம். கட்டணம் கிடையாது, வாங்கித் தருகிறேன் என்று பணம் கேட்பவர்களிடம் போகாதீர்கள். அச்சுக்கு ஒரு எண், ஆன்லைனுக்கு ஒரு எண். பெயரைப் பெரிதாக மாற்றினால் புதிய எண் வாங்க வேண்டும், இண்டெக்ஸிங்கும் (ஆய்வுத் தரவுத்தளங்களில் பட்டியலிடுவது) குழம்பும். அந்த எட்டு இலக்கம் இதழை அடையாளம் காட்டும். தரத்துக்குச் சான்று ஆகாது.

இனி முக்கியமான விஷயம். இந்தத் துறையில் ஓர் இதழ் நம்பகமானதா என்பதை முடிவு செய்வது, கட்டுரையாளர்களிடம் அது எதை அளந்து தரச் சொல்கிறது என்பதுதான். முதல் இதழில் தளர்த்திவிட்டு மூன்றாம் இதழில் இறுக்கினால், "அவர்களிடம் கேட்கவில்லையே" என்பார்கள். நியாயமான கேள்வி.

தாமதத்தையே எடுத்துக்கொள்வோம். ‘நெட்வொர்க் தாமதம் 40 மில்லிவினாடி’ என்று பிங் (ஒரு பாக்கெட் நெட்வொர்க்கில் போய்த் திரும்பும் நேரம்) கணக்கைப் போட்டு வருகிற கட்டுரையைத் திருப்பி அனுப்புங்கள். கேமரா எக்ஸ்போஷர், என்கோடிங், மறுமுனையில் பஃபர், டிகோடிங், ஹெட்செட் திரை இவை எதுவும் பிங்கில் வராது. 90 ஹெர்ட்ஸ் திரையில் ஒரு ஃபிரேமுக்கே 11 மில்லிவினாடி போய்விடும். கேட்க வேண்டியது, ரோபோவின் கேமரா முன் நடந்தது ஆபரேட்டரின் கண்ணுக்கு வந்துசேர ஆன மொத்த நேரம்.

அதை அளக்கப் பெரிய கருவி வேண்டாம். பெங்களூரின் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான எஸ்.பி. ரோட்டில் ஒரு எல்.இ.டி., ஒளியை உணரும் ஒரு ஃபோட்டோடையோடு, ஒரு 10 கிலோ-ஓம் ரெசிஸ்டர், ஆர்டுயினோ என்ற சிறு கன்ட்ரோலர் போர்டு ஒன்று வாங்கினால் போதும். எல்.இ.டி.யைக் கேமரா முன்னும் ஃபோட்டோடையோடை ஹெட்செட் லென்ஸ் மேலும் வைத்து, விளக்கு எரிந்ததிலிருந்து திரை வெளுக்கும் வரை எண்ணுங்கள். இரண்டும் ஒரே ஆர்டுயினோவில் இருப்பதால் கடிகாரங்களை ஒத்திசைக்கும் தொல்லை இல்லை. விளக்கைச் சீரான இடைவெளியில் மட்டும் எரியவிடாதீர்கள். வினாடிக்கு 30 ஃபிரேம் எடுக்கும் கேமராவில் ஒவ்வொரு ஃபிரேமும் 33 மில்லிவினாடி. விளக்கும் கேமராவும் ஒரே தாளத்தில் ஓடினால் அந்த 33-க்குள் ஒரே புள்ளியைத்தான் திரும்பத் திரும்ப அளப்பீர்கள். இடைவெளியை ரேண்டமாக மாற்றி, சில நூறு முறை எடுக்க வேண்டும். கையசைவிலிருந்து ரோபோ அசைவு வரையான எதிர்த்திசைக்கு, இரண்டும் ஒரே காட்சிக்குள் வருமாறு வினாடிக்கு 240 ஃபிரேம் ஃபோன் வீடியோ எடுத்தாலே ஃபிரேமுக்கு சுமார் 4 மில்லிவினாடி துல்லியம் கிடைக்கும்.

சராசரி மட்டும் போதாது; 95-வது பெர்சென்டைலையும் (நூற்றில் 95 அளவீடுகள் எந்த மதிப்புக்குள் அடங்குகின்றன என்பது) கேளுங்கள். சராசரி 80, ஆனால் அவ்வப்போது 300 என்று தாவும் இணைப்பும், எப்போதும் 80-லேயே நிற்கும் இணைப்பும் ஆபரேட்டரின் கைக்கு இரண்டு வேறு ரோபோக்கள். லினக்ஸின் நெட்எம் கொண்டு செயற்கைத் தாமதம் சேர்த்தவர்கள், ஜிட்டர் (தாமதத்தின் ஏற்ற இறக்கம்) கொடுத்தார்களா என்று தனியாகச் சொல்ல வேண்டும். அப்போது பாக்கெட்டுகள் வரிசை மாறி வரக்கூடும். முடிவில் தெரிவது தாமதத்தின் விளைவா, வரிசைக் குழப்பத்தின் விளைவா என்று பிரிக்க முடியாமல் போகும். விசை உணர்வு திரும்பி வரும் அமைப்பு என்றால், விசையைக் கணக்கிட்டுக் கைக்குத் தரும் ஹாப்டிக் லூப்பின் வேகமும் (பொதுவாக 1000 ஹெர்ட்ஸ்), தாமதத்தில் ஆட்டம் கொடுக்காமலிருக்கச் செய்த ஏற்பாடும் கட்டாயம். ஆய்வாளர்கள் ஆண்டர்சனும் ஸ்பாங்கும் 1989-லும், நீமேயரும் ஸ்லோட்டினும் 1991-லும் வழி காட்டிய சிக்கல் இது. இன்றைக்கு ஒரு கட்டுரை அதைப் பற்றி வாய் திறக்காமல் போகக்கூடாது.

மனிதர்களை வைத்துச் செய்த ஆய்வில் எதிக்ஸ் கமிட்டி அனுமதி எண், ஹெட்செட் மாடல், ஃபர்ம்வேர் பதிப்பு, ஒவ்வொருவரின் கண்மணி இடைவெளிக்கும் ஏற்ப லென்ஸ் சரிசெய்யப்பட்டதா என்ற தகவல் எல்லாம் வேண்டும். கடைசியானதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். லென்ஸ் பொருந்தாவிட்டாலும் தலைசுற்றும். அந்தப் பழி ரோபோ இன்டர்ஃபேஸ் மேல் விழும். குமட்டலுக்கு 1993-ன் எஸ்.எஸ்.க்யூ., பணிச்சுமைக்கு நாசா-டி.எல்.எக்ஸ். என்று எல்லோரும் அறிந்த கேள்வித்தாள்களைப் பயன்படுத்தினால் கட்டுரைகளை ஒப்பிடலாம். வீடியோவில் ஓடும் வேகத்தையும், எந்தப் பகுதியில் ரோபோ தானாக இயங்கியது என்பதையும் திரையிலேயே எழுதச் சொல்லுங்கள். மூல டேட்டாவை ஜெனோடோ என்ற திறந்த ஆய்வுக் களஞ்சியத்தில் போட்டால் அதற்கென்று தனி டி.ஓ.ஐ. (நிரந்தர அடையாள எண்) கிடைக்கும்.

ரிவியூவர்களில் ஒருவர் கன்ட்ரோல் துறை, இன்னொருவர் மனித-இயந்திர ஆய்வுத் துறை என்று இருக்கட்டும். சமன்பாட்டைச் சரிபார்க்கிறவர் கண்ணுக்கு, எல்லோருக்கும் ஒரே வரிசையில் பணி கொடுத்த தவறு தெரியாமல் போகலாம். இருவர் சம்மதிக்க ஆறேழு பேரைக் கேட்க வேண்டியிருக்கும். அந்தப் பட்டியலை அழைப்பு வெளியிடுமுன்பே தயாராக வைத்திருங்கள். நண்பர்கள் கட்டுரைகளால் முதல் இதழை நிரப்பும் ஆசை வரும். திறந்த அணுக்க இதழ்களின் பட்டியலான டி.ஓ.ஏ.ஜே.யின் விதிப்படி, கடைசி இரண்டு இதழ்கள் ஒவ்வொன்றிலும் ஆசிரியர் குழுவோ ரிவியூவர்களோ பங்கேற்ற ஆய்வுக் கட்டுரைகள் 25 சதவீதத்தைத் தாண்டக்கூடாது.

மென்பொருளுக்கு, இதழ் நடத்துவதற்கென்றே உள்ள ஓ.ஜே.எஸ். போதும், இலவசம். கட்டுரைக் கோப்புகள் சேரும் ஃபோல்டரை வெப் ஃபோல்டருக்கு வெளியே வையுங்கள். உள்ளே வைத்தால் ரிவியூவில் இருக்கும் கட்டுரை வெளியாள் கையில் கிடைத்துவிடலாம். டொமைனுக்கு, மின்னஞ்சல் உங்களிடமிருந்துதான் வருகிறது என்று காட்டும் எஸ்.பி.எஃப்., டி.கே.ஐ.எம். அமைக்காவிட்டால் ரிவியூ அழைப்புகள் ஸ்பாமில் கிடக்கும், நீங்களோ பதிலே வரவில்லை என்று காத்திருப்பீர்கள். கட்டுரைகளுக்கு டி.ஓ.ஐ. பதிய, கிராஸ்ரெஃப் அமைப்பின் உறுப்பினராக வேண்டும். ஆண்டுக் கட்டணம் தனி, புதிய கட்டுரைக்கு ஒரு டாலர். டி.ஓ.ஐ.யின் பின்பகுதியில் தொகுதி எண்ணோ இதழின் சுருக்கமோ வேண்டாம். கட்டுரை வேறு இதழுக்கு நகர்ந்தாலும் அந்த எண் மாறாது, அதற்குள் இருக்கும் பொருள் மட்டும் பொய்யாகிவிடும். உரிமம் சி.சி.-பி.ஒய். 4.0 (ஆசிரியர் பெயரைக் குறிப்பிட்டு யாரும் பயன்படுத்தலாம்) என்று கட்டுரையிலேயே அச்சிடுங்கள்.

ஒவ்வொரு கட்டுரைக்கும் ஒரு பக்கத் தமிழ்ச் சுருக்கம் போட வேண்டும் என்பது எங்கள் ஆசை. அதை பி.டி.எஃப்.பில் மட்டும் விட்டுவிடாதீர்கள். ‘கெ’, ‘கே’, ‘கை’ போன்றவற்றில் கொம்பு எழுத்துக்கு முன்னால் வரையப்படுவதால், காப்பி செய்தாலோ தேடினாலோ எழுத்துகள் இடம் மாறிச் சிதைவது உண்டு. எச்.டி.எம்.எல். பக்கமும் சேர்த்துக் கொடுத்தால் தேடலில் ஒழுங்காகச் சிக்கும்.

ஆய்விதழ்த் தரவுத்தளமான ஸ்கோபஸ், இதழைச் சேர்க்கக் குறைந்தது இரண்டு ஆண்டு வெளியீட்டு வரலாறு கேட்கும். டி.ஓ.ஏ.ஜே.க்கு ஓராண்டுக்கு மேற்பட்ட வரலாறோ பத்துத் திறந்த கட்டுரைகளோ வேண்டும். யு.ஜி.சி. ஏற்ற இதழ்களின் பட்டியலான யு.ஜி.சி.-கேர் 2025 பிப்ரவரியில் கைவிடப்பட்டதால், ‘கேரில் சேர்த்துத் தருகிறோம்’ என்பவர்களை ஒதுக்கிவிடுங்கள். முதல் இதழ் வெளியான அன்றே ஓ.ஜே.எஸ்.ஸில் கட்டுரைகளின் நகலைக் காத்துவைக்கும் பி.கே.பி. பாதுகாப்பு வலையமைப்பின் பிளக்இன்னை இயக்கிவிடுங்கள், ஐ.எஸ்.எஸ்.என்.னும் வெளியான ஓர் இதழும் இருந்தால் அது இலவசம். சர்வர் வாடகை கட்ட ஆளில்லாமல் போனாலும் கட்டுரைகள் அங்கே இருக்கும்.