லைசின் இருந்தது, உடம்புக்கு எட்டாமல்

ஓவனில் வைத்த கொழுப்பு நீக்கிய பால் பவுடர் வெளிறிய பிஸ்கட் நிறத்துக்கு வந்திருந்தது. அதன் புரதத்தில் இருக்கும் லைசின் என்ற அமினோ அமிலம் பாதியாவது போயிருக்கும் என்று நினைத்தேன். அமினோ அமில அனலைசரில் போட்டால், சூடாக்காத பவுடருக்கும் இதற்கும் சொற்ப வித்தியாசம்தான். குப்பிகளை மாற்றி வைத்துவிட்டேனோ என்று மறுபடி ஓட்டினேன். அதே கதை.

சீனியர் அக்கா சிரித்தார். "வெந்ததைத் திரும்பப் பச்சையாக்கிவிட்டு எண்ணியிருக்கிறாய்."

விஷயம் இதுதான். சூட்டில் லாக்டோஸ், லைசினின் பக்கச் சங்கிலியில் இருக்கும் அமினோ தொகுதியைப் பிடித்துக்கொள்கிறது. அப்படிக் கட்டுண்ட லைசின் உடம்புக்குப் பயன்படாது. ஆனால் அனலைசரில் போடும் முன் புரதத்தை அமினோ அமிலங்களாக உடைக்க, நாங்கள் 6 நார்மல் செறிவுள்ள ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் 110 டிகிரியில் 24 மணி நேரம் வேகவைக்கிறோமே, அதில் அந்தக் கட்டு உடைந்து ஒரு பகுதி மீண்டும் லைசினாகிவிடுகிறது. மிச்சத்தில் கொஞ்சம் ஃப்யூரோசின் என்ற வேறொரு சேர்மம் ஆகிறது.

அதனால் கென்னத் கார்ப்பென்டர் 1960இல் வெளியிட்ட முறைக்குப் போனேன். அமிலத்தில் போடும் முன்பே ஃப்ளோரோடைநைட்ரோபென்சீனைச் சேர்க்க வேண்டும். லைசினில் கட்டில்லாததை மட்டும் அது பிடித்து மஞ்சள் நிறச் சேர்மமாக்கும். பிறகு அமிலத்தில் வேகவைத்தாலும் பெரும்பாலும் விடாது. அந்த மஞ்சளை 435 நானோமீட்டரில் படிக்கலாம். தோலுக்கு ஆகாத சரக்கு அது. கிளவுஸில் இருந்த சின்ன ஓட்டை தெரியாமல் என் கட்டைவிரல் பல நாள் மஞ்சள் பூசியதுபோல் இருந்தது.

என் உயிரை வாங்கியது பிளாங்க்தான், அதாவது லைசின் அல்லாதவற்றின் நிறத்தைக் காட்டும் ஒப்பீட்டுக் குழாய். அந்தக் குழாயில் மட்டும் மெத்தாக்சிகார்போனைல் குளோரைடு சேர்த்தால், லைசின் மஞ்சள் மேலே மிதக்கும் ஈதருக்குப் போய்விடும்; கீழே நிற்பது மற்றவற்றின் நிறம், அதைக் கழிக்க வேண்டும். எனக்கோ கழித்தால் கிட்டத்தட்ட பூஜ்யம் வந்தது. மூன்று நாள் ஈதர் நாற்றத்தில் தலைவலியோடு தேடினேன். பஃபர் ஊற்றியதும் பி.ஹெச். 8.5 வந்திருக்கும் என்று நம்பி, தாள் வைத்துப் பார்க்காமல் விட்டிருக்கிறேன். குழாயில் இன்னும் அமிலம்தான். வினையே நடக்கவில்லை, லைசின் மஞ்சள் முழுக்க பிளாங்கிலேயே உட்கார்ந்திருந்தது.

சரிசெய்ததும் வித்தியாசம் பளிச்சென்று தெரிந்தது. சர்க்கரை நிறைந்த மாதிரிகளில் வேகும்போது இந்த மஞ்சளும் கொஞ்சம் அழியும் என்பதால் திருத்தக் காரணி போட்டுத்தான் எழுதினேன்.

கைடு பார்த்துவிட்டு, "சரி, கட்டில்லாமல் இருக்கிறது. குடல் உறிஞ்சுமா?" என்றார். அதற்கு எலிக்குக் கொடுத்து, சிறுகுடல் கடைசியில் மிஞ்சுவதை அளக்க வேண்டும். நெறிமுறைக் குழுவுக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறேன். அனுமதி இன்னும் வரவில்லை.